முதல் இழுப்பு

என் அக்காள் வியாகுலமேரியின் கணவருக்கு ஹூக்கா பார்த்து வாங்கத் தெரியும். கம்பம் பள்ளத்தாக்கில் அது என்னத்துக்கு ஆகும் என்று நீங்கள் கேட்கலாம், நானும் கேட்டிருக்கிறேன். மாடு பார்த்து வாங்கத் தெரிந்தவனுக்கு இங்கே நாலு பேர் மத்தியில் மரியாதை உண்டு. கொடியில் பூ நிற்கும்போதே திராட்சைக்கு விலை சொல்லத் தெரிந்தவனுக்கு அதைவிட மரியாதை. ஹூக்கா பார்க்கத் தெரிந்த ஆள் ராயப்பன்பட்டியில் எங்கள் மச்சான் இருதயம் ஒருவர்தான். அதைக் கேட்டு ஒருவர் அவரைத் தேடி வருவதற்குள் அவருக்கு ஐம்பத்திரண்டு வயதாகிவிட்டது, நெஞ்சும் கெட்டுவிட்டது.

கத்தாரில், தோஹாவில், ஒரு ஷீஷாக் கடையில் அவர் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தார். அரபிக்காரர்கள் ஹூக்காவை ஷீஷா என்பார்கள். அடியில் தண்ணீர்க் குடுவை, அதன் மேல் இடுப்பு உயரத்துக்கு ஒரு தண்டு, உச்சியில் மண்கிண்ணம், கிண்ணத்துக்குள் பழவாசனை போட்ட புகையிலை, அதற்கு மேல் கனன்ற கரி, பக்கத்தில் இழுப்பதற்கு நீளமாக ஒரு குழாய். வந்து உட்காருகிறவர்களுக்கு அதைத் தயார் பண்ணிக் கொடுப்பது மச்சான் வேலை. டீ மாஸ்டர் மாதிரி ஒரு வேலை என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். கோயில் வாசலில் யாராவது விசாரித்தால் அக்காள் "ஓட்டல்ல சூப்பர்வைசரு" என்று சொல்லி முடித்துவிடுவாள்.

எங்கள் அப்பா சாராயத்தில் போனவர். அம்மாவின் தாலிச் சங்கிலி போனது, தோட்டம் போனது, கடைசியில் அவரும் ஒரு வாய்க்கால் ஓரமாகப் போனார். அதனால் அக்காளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: குடி, பீடி இருக்கிறதா? இருதயத்துக்கு ஒன்றும் இல்லை. பாக்குகூடப் போடமாட்டார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அக்காள் தன் நகையைப் பற்றிப் பெருமை பேசி நான் கேட்டதில்லை, பிள்ளைகளைப் பற்றிப் பேசியும் கேட்டதில்லை. "அவுகளுக்கு ஒரு கெட்ட பழக்கமும் கெடையாது" என்பதை மட்டும் தண்ணீர்க் குழாயடியில் தொடங்கி பங்குச்சாமி வரைக்கும் சொல்லியிருக்கிறாள். எனக்கு உத்தமபாளையத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை. ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட் சிகரெட் ஊதுவேன். என்னைப் பார்க்கும்போதெல்லாம் அவள் மச்சானைத்தான் எடுத்து என் மேல் எறிவாள்.

கொரோனாவில் அந்தக் கடையை மூடியதும் மச்சான் ஊருக்கு வந்துவிட்டார். ஓடைப்பட்டிப் பக்கம் இரண்டு ஏக்கர் திராட்சைத் தோட்டத்தைக் குத்தகைக்குப் பிடித்தார். இரண்டாவது வருடம் இருமல் வந்தது. திராட்சைக்கு மருந்து அடிக்கிறவனுக்கு இருமல் வந்தால் இங்கே யாரும் வேறு காரணம் தேடமாட்டார்கள். முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு அடி என்றார்கள். கட்டிக்கொண்டு அடித்தார். பிறகு மாடிப்படி ஏறினால் பாதியில் நிற்க ஆரம்பித்தார், இடுப்பில் வேட்டி நிற்காமல் பெல்ட் போட்டார். அதற்கு மேலும் சும்மா இருக்க முடியாமல் நானும் அக்காளுமாக அவரை ஒரு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனோம்.

டாக்டர் நெஞ்சு எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். வலது பக்கம் வெள்ளையாக ஏதோ படர்ந்திருந்தது.

"பீடி, சிகரெட் உண்டா?"

மச்சான் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "ஒரு பழக்கமும் கெடையாது சார். எழுதணும்னா என் பேரை எழுதிக்கோங்க."

டாக்டர் சிரித்தார். அக்காள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். மச்சானும் வெட்கத்தோடு தலையாட்டினார். புகைப்பழக்கம் இல்லை என்று சீட்டில் ஏறியது. சளியில் கிருமி தெரியவில்லை. ஆனாலும் இருமல், எடை குறைவு, படத்தில் நிழல், பழக்கமும் இல்லாத மனுஷன் என்றால் டிபியாகத்தான் இருக்கும் என்று மாத்திரை எழுதினார்கள். டாக்டரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. அவர் கேட்க வேண்டியதைக் கேட்டார். பதில் சொன்னது நான்.

ஆறு மாதத்துக்கு என்று சொன்னது நீண்டு, எட்டு மாதம் மச்சான் ஒரு வேளை தவறாமல் மாத்திரை தின்றார். எழுபத்தொரு கிலோ ஆள் ஐம்பத்து நாலுக்கு வந்தார். தோட்டத்தைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. சாமியாரை வரவழைத்து அக்காள் வீட்டை மந்திரிக்க வைத்தாள். மச்சான் மட்டும், "மாத்திரை கொஞ்சம் கொஞ்சமாத்தான் மாப்ள வேலை செய்யும்" என்று எங்களைத் தேற்றிக்கொண்டிருந்தார்.

அந்த எட்டாவது மாதத்தில்தான் சுரேஷ்கண்ணன் வந்தார். கம்பத்தில் ஏலக்காய் வியாபாரம், மலைக்கு மேலே குமுளிப் பக்கம் புதிதாக ரிசார்ட். அதில் அரபு நாட்டுக் கூடாரம் மாதிரி ஒன்று போட்டு ஹூக்கா வைக்கப்போகிறாராம். வியாபாரி ஒருவன் பன்னிரண்டு உருப்படிகளைக் கொண்டுவந்து குடோனில் இறக்கியிருக்கிறான், எது நல்லது எது கெட்டது என்று பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும். உத்தமபாளையத்தில் வளைகுடா போய் வந்த பாய்மார் நாலு பேரிடம் கேட்டால் நாலு பேரும் இருதயம் பெயரைச் சொன்னார்களாம்.

"நீங்க ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போங்கண்ணே. காரு அனுப்புறேன்."

அக்காள் போக வேண்டாம் என்றாள். மச்சான் சட்டையைத் தேய்க்கக் கொடுத்துவிட்டார். மாதக்கணக்கில் சுருண்டு கிடந்த மனுஷன் அன்றைக்குச் சவரம் பண்ணிக்கொண்டதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. துணைக்கு நானும் ஏறிக்கொண்டேன்.

குடோனில் ஏலக்காய் வாசத்துக்கு நடுவே நீள மேஜையில் பன்னிரண்டும் நின்றன. சுரேஷ்கண்ணன் கண் போனது மஞ்சளாகப் பளபளத்த ஒரு பெரிய உருப்படி மேல். மச்சான் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னக் காந்தத்தை எடுத்தார். பழைய ஸ்பீக்கரில் கழற்றியது. அதைத் தண்டில் வைத்ததும் படக்கென்று ஒட்டிக்கொண்டது.

"பித்தளைன்னா ஒட்டாது தம்பி. இது இரும்புக்கு மேல முலாம். ஒரு மழைக்காலம் தாங்காது. உள்ளாற துரு கட்டும், இழுக்குறவன் நெஞ்சுக்குள்ள போகும்."

ஒவ்வொன்றாக ஒதுக்கிக்கொண்டே போனார். கண்ணாடிக் குடுவையை நகத்தால் சுண்டி ஓசை கேட்டார். மொத்தென்று கேட்டவை ஒரு பக்கம் போயின. தண்டைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து உள்ளே ஒட்டுப் போட்ட இடத்தைப் பார்த்தார். அலுமினியத்தைத் தொட்டதும் வைத்துவிட்டார். உயரமான எகிப்து மாடல் பார்க்க அழகு, புகை குளிர்ந்து வரும், ஆனால் கை பட்டால் சாயும். கூடாரத்தில் தரையில் உட்காருகிறவர்களுக்குக் குட்டையாக அடி அகலமாக இருப்பதுதான் சரி என்றார். தோல் சுற்றிய குழாய்கள் எல்லாவற்றையும் வேண்டாம் என்றார். கழுவ முடியாதாம், ஒரு தடவை ஆப்பிள் போட்டால் ஆறு மாதத்துக்கு ஆப்பிள்தானாம். சிலிக்கான் குழாய் போடுங்கள். கிண்ணம் மட்டும் மண்ணாகவே இருக்கட்டும், சூட்டைப் பிடித்து வைப்பது மண்தான். கடைசியில் எவர்சில்வர் மூன்று, அசல் பித்தளை ஒன்று, ஆக நாலு நின்றது. வியாபாரி முகம் செத்துப்போயிருந்தது.

நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஊரில் ஒரு பேச்சு அதிகம் பேசாத ஆள், இங்கே ஒரு பணக்காரனையும் ஒரு வியாபாரியையும் கையைக் கட்டி நிற்க வைத்துவிட்டார். மூச்சு வாங்க வாங்கத்தான் பேசினார். ஆனாலும் நிறுத்தவில்லை.

"பாத்தது போதும். இழுத்துப் பாக்காம முடிவு பண்ணக்கூடாது" என்றார்.

"மச்சான், நெஞ்சு இருக்குற இருப்புக்கு..." என்றேன்.

"நான் எங்க குடிக்கப்போறேன்? பத்தத்தான வைக்கப்போறேன்."

கரியைக் கனல வைத்துக் கொடுத்தது ரிசார்ட்டின் வாட்ச்மேன் அம்மாவாசி. நாற்பது வயது இருக்கும். காலையிலிருந்து பெட்டிகளைத் தூக்கி இறக்கியவர் அவர்தான். மச்சான் முதல் ஹூக்காவின் குழாயை வாயில் வைத்தார். கன்னம் ஒட்டியது. குடுவைக்குள் தண்ணீர் கடகடவென்று கொதித்தது. ஒரு இழுப்பு, இரண்டு, மூன்று. நெஞ்சு நிறைய இழுத்து மூக்கு வழியாக விட்டார். கரியை இடுக்கியால் நகர்த்தினார். மறுபடியும் நாலு இழுப்பு. இருபது வருடமாகச் சிகரெட் குடிக்கிற நான் ஒரு தடவைகூட அப்படி ஆழமாக இழுத்தது கிடையாது.

"மச்சான், இது குடிக்கிறது இல்லையா?"

"சீ. குடிக்கிறவரு அங்கன மேசையில உக்காந்திருப்பாரு. அவரு கைக்குப் போகும்போது நல்லாப் பிடிச்சிருக்கணும்ல? மொத இழுப்பு கசக்கும், அத நம்ம எடுத்துறணும். மொத எட்டுப் பத்து நம்மளுது. அப்புறந்தான் அவருக்கு."

"ஒரு நாளைக்கு எத்தன?"

"சாதாரணமா அறுபது. வெள்ளிக்கிழமைன்னா நூறு தாண்டும்."

நான் மனசுக்குள் பெருக்கிப் பார்த்தேன். பாதியில் விட்டுவிட்டேன். அவர் மூன்றாவது குழாயை வாயில் வைத்தார். இருமல் வந்தது, நிற்கவில்லை. மேஜையைப் பிடித்துக்கொண்டு குனிந்தவர் கைக்குட்டையை எடுப்பதற்குள் சிமென்ட் தரையில் ரத்தம் விழுந்தது. அம்மாவாசிதான் ஓடிவந்து அவரைத் தாங்கிப் பிடித்தார்.

அங்கிருந்தே சுரேஷ்கண்ணனின் காரில் மதுரைக்குக் கொண்டுபோனோம். அங்கே நெஞ்சுக்கென்று இருந்த டாக்டர் ஒரு அம்மா. அவர்களும் அதே கேள்வியைத்தான் கேட்டார்கள். இந்தத் தடவை நான் சொன்னேன்:

"பத்தொம்பது வருசம் மேடம். ஒரு நாளைக்கு அறுபது ஊக்கா."

மச்சானுக்குக் கோபம் வந்துவிட்டது. "பொய் சொல்லாத மாப்ள. அது வேலை. நான் ஒருநாளும் ஆசைப்பட்டு வாயில வச்சதில்ல."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்கள். "உள்ள இழுப்பீங்களா?"

"இழுத்தாத்தான மேடம் பத்தும்?"

ஒரு வாரத்தில் முடிவு வந்தது. புற்று. வலது பக்கம் தொடங்கி இடதுக்கும் போய், முதுகெலும்பிலும் இறங்கியிருந்தது. எட்டு மாதத்துக்கு முன்னால் வந்திருந்தால் என்று நான் கேட்டேன். "அப்ப வேற மாதிரி பேசியிருக்கலாம்" என்று மட்டும் சொன்னார்கள். ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்று சிகரெட்டைப் பற்ற வைத்தேன். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பாதி குடித்ததும் என்னையே செருப்பால் அடிக்க வேண்டும் போல இருந்தது. ஒரு கேள்விக்கு நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால், அந்த மனுஷன் தானாக யோசித்து, "சார், நான் பார்த்த வேலை இப்படி" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லாமலும் போயிருக்கலாம். அந்த ஒரு வார்த்தைக்கு இடம் கொடுக்காதவன் நான்.

அக்காளுக்கு வியாதியைவிட அந்தச் சீட்டு பெரிய அடியாக விழுந்தது. சீட்டில் இப்போது புகைப்பழக்கம் உண்டு, பத்தொன்பது வருடம் என்று இருந்தது. "எம் புருசன ஒங்கப்பன் வரிசையில சேத்துட்டியேடா" என்று என்னைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அப்பா எனக்கு மட்டும் அப்பா என்பதுபோல. அந்தக் காகிதத்தை அரிசி டின்னுக்கு அடியில் வைத்துவிட்டாள். பார்க்க வருகிறவர்களிடம் திராட்சை மருந்து என்றே சொன்னாள். மச்சானும் மறுக்கவில்லை.

வீட்டில் ஆக்சிஜன் மிசினை வைத்து மூக்கில் குழாய் மாட்டினோம். இரண்டு வார்த்தை பேசினால் நாலு மூச்சு எடுக்க வேண்டியிருந்தது. அப்படி இருக்கும்போது ஒரு நாள் பதினொரு மணி வாக்கில் அம்மாவாசி வந்தார். கையில் ஒரு சீப்பு பூவன்பழம். நலம் விசாரிக்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தோம். பழத்தை வைத்துவிட்டு நின்றுகொண்டே இருந்தார்.

"மொதலாளி அனுப்பிச்சாருண்ணே. வாட்ச்மேன் வேலையோட பத்த வைக்கிற வேலையையும் என்னையவே பாக்கச் சொல்றாக. ஒங்ககிட்ட ஒரு தடவ கேட்டுக்கிட்டு வரச் சொன்னாக."

எனக்கு வந்த ஆத்திரத்தில் பழத்தை எடுத்து அவர் மேலேயே எறிந்திருப்பேன். மச்சான் கையைக் காட்டி என்னை உட்காரச் சொன்னார். அம்மாவாசியையும் கட்டில் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"செய்யாத" என்றார்.

"எனக்குப் பீடி, சிகரெட்டு பழக்கமெல்லாம் இல்லண்ணே. நெஞ்சு நல்லா இருக்கு. அதுனாலதான் என்னையச் சொன்னாக."

மச்சான் அக்காளைப் பார்த்தார். அவள் காப்பி டம்ளரோடு வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். அவருக்கு நீளமாகப் பேச மூச்சு இல்லை என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் பேசியிருக்கலாம். ஏற்கெனவே ஒரு தடவை அவருக்காகப் பேசி நாசம் பண்ணியவன் என்பதால் நாக்கு எழவில்லை. அக்காள்தான் உள்ளே வந்தாள். டம்ளரை வைத்தாள். அரிசி டின்னை நகர்த்தி அந்தக் காகிதத்தை எடுத்துவந்தாள்.

"இந்தா பாரு. இவுகளுக்கும் ஒரு பழக்கமும் இல்ல. பீடி இல்ல, பாக்கு இல்ல. அடுத்தவனுக்குப் பத்த வச்சுக் குடுத்தாக. அம்புட்டுத்தான். பத்தொம்பது வருசம் குடிச்சாகன்னு எழுதியிருக்கு, படிச்சுப் பாரு. தெரியாட்டி வேற யார்ட்டயாச்சும் குடுத்து வாசிச்சுக் கேளு."

அம்மாவாசி காகிதத்தை வாங்கவில்லை. மச்சானின் மூக்கில் இருந்த குழாயைப் பார்த்தார்.

"மாட்டேன்னு சொன்னா வாட்ச்மேன் வேலையும் போயிருமேண்ணே" என்றார்.

மச்சான் கொஞ்ச நேரம் மூச்சைச் சேர்த்துக்கொண்டார். "காத்து இழுக்குற மிசின் இருக்கு. சின்னது. குழாய்ல மாட்டுனா அதுவே இழுத்துப் பத்த வச்சிரும். வாங்கித் தரச் சொல்லு. அது இல்லாம தொடாத."

அம்மாவாசி முகம் தெளிந்தது. எங்கே கிடைக்கும், என்ன பெயர் சொல்லிக் கேட்பது என்று விசாரித்து, என்னிடம் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். எழுந்து வாசல்வரை போனவர் திரும்பினார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, மனசில் பட்டதைக் கேட்டுவிட்டார்.

"ஒங்க கடையில இந்த மிசினு இல்லையாண்ணே?"

அம்மாவாசி கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுக் கும்பிட்டுப் போய்விட்டார். நான் காப்பி டம்ளரை எடுக்கக் குனிந்தேன்.

"இருந்துச்சு" என்றார் மச்சான்.

அக்காள் நிமிர்ந்தாள். "என்ன சொன்னீக?"

துண்டு துண்டாகத்தான் சொன்னார். அங்கே போய் ஒன்பதாவது வருடத்தில் முதலாளி மிசின் வாங்கி வந்தார். மற்றவர்கள் எல்லாரும் அதை வைத்துப் பற்ற வைத்தார்கள். ஆனால் மிசின் ஒரே சீராக இழுக்கும், புகையிலை ஓரத்தில் கருகும், முதல் வாய் காந்தும். மச்சான் வாயால் இழுத்துப் பற்ற வைத்ததில் அந்தக் காந்தல் இருக்காது. பெரிய இடத்து ஆட்கள் வந்தால், 'மிசின் வேண்டாம், ஹிந்தி ஆளைக் கூப்பிடு' என்று கேட்டு வாங்கினார்களாம். இந்தியாவிலிருந்து போன எல்லாரும் அவர்களுக்கு ஹிந்தி ஆள்தான். முதலாளி தோளில் தட்டி, உன் வாய்க்கு எந்த மிசினும் ஈடாகாது என்று கடை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாராம். அதற்கு அப்புறம் மச்சான் அந்த மிசினைத் தொடவே இல்லை. பத்து வருடம்.

அக்காள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். தலையில் அடித்துக்கொண்டு அழுவாள், அவரைத் திட்டுவாள், குறைந்தபட்சம் என்னையாவது திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கேட்டதில் கோபமே இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்று மட்டும் கேட்டாள்.

"அந்தப் பேரு அம்புட்டு நல்லாவா இருந்துச்சு?"

மச்சான் அவள் முகத்தைப் பார்த்தார். பொய் சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் பொய் சொன்னால் யாரும் அவரைக் குற்றம் சொல்லியிருக்கமாட்டோம்.

"இருந்துச்சு" என்றார்.